மனிதருக்கு வரும் நோயை முதலில் காட்டும் விலங்குகள்

1998 செப்டம்பர் கடைசியில், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போ நகரைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். தலைவலி, வாந்தி, நினைவுத் தடுமாற்றம், அப்புறம் கோமா. அந்தப் பக்கத்து மருத்துவர்களுக்குப் பழக்கமான ஒரு நோய் ஏறக்குறைய இப்படித்தான் வரும்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அதன் வைரஸ் பன்றியின் உடலில் பெருகி, கொசு வழியாக மனிதரிடம் வருவது. சில நோயாளிகளின் ரத்தப் பரிசோதனையும் அதையே காட்டியது. சரி, நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது என்று கொசு மருந்து அடித்தார்கள், மக்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை.

பொருந்தாத விஷயங்கள் ஆரம்பத்திலிருந்தே கண்ணெதிரே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே படுக்கையில் விழுந்தவர்கள் வயதுவந்த ஆண்கள். கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. இங்கே பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்களுக்குத்தான் நோய் வந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. எல்லாவற்றையும்விடத் தெளிவான சாட்சி பன்றிகளே. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் வளர்ந்த பன்றியை இப்படி இரும வைக்காது. ஆனால் இந்தப் பண்ணைகளில் பன்றிகள் நாய் குரைப்பது போன்ற உரத்த ஓசையோடு இருமின. பண்ணை நாய்கள் சிலவும் செத்தன. இருமிய பன்றிகளில் செத்தவை குறைவு என்பதால், வழக்கமாக வருகிற ஏதோ சளி என்று அது கடந்து போனது.

அதற்குள் பயந்துபோன பண்ணைக்காரர்கள் பன்றிகளைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். லாரியில் ஏறிய பன்றிகளோடு நோயும் தெற்கே நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து சிங்கப்பூரின் இறைச்சிக்கூடம் வரை போனது. அங்கே 11 தொழிலாளர்களுக்குத் தொற்று, ஒருவர் இறந்தார். 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்ற இளம் ஆராய்ச்சியாளர் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். அது அதுவரை யாரும் பார்த்திராத வைரஸ். அந்த நோயாளி சுங்கை நிப்பா என்ற கிராமத்தைச் சேர்ந்தவர் என்பதால் வைரஸுக்கு நிபா என்று பெயர் வந்தது. பரவலை அடக்கி முடிப்பதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய 11 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன.

வைரஸ் பன்றிக்கு எங்கிருந்து வந்தது? பழந்தின்னி வௌவாலிடமிருந்து. அந்தப் பண்ணைகளில் பன்றிக் கொட்டிலை ஒட்டியே மாமரம் போன்ற பழமரங்கள் இருந்தன. இரவில் வந்த வௌவால் பழத்தைக் கடித்துச் சாற்றை உறிஞ்சி, சக்கையைக் கீழே போட்டது. எச்சில் ஊறிய அந்தச் சக்கையைக் கொட்டிலில் இருந்த பன்றி தின்றது. வௌவால் அந்த வைரஸோடு நோயில்லாமல் வாழக்கூடியது. பன்றியின் நுரையீரலிலோ அது வெகுவேகமாகப் பெருகியது. நெருக்கமாக அடைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பன்றிகள் இருமி இருமி அதை ஒன்றுக்கொன்று கொடுத்தன, அருகில் நின்ற மனிதருக்கும் கொடுத்தன. மரத்தையும் கொட்டிலையும் தள்ளித் தள்ளி வைத்திருந்தால் இந்தச் சங்கிலி தொடங்கியே இருக்காது. பின்னர் மலேசியாவில் பழமரங்களைப் பண்ணைகளிலிருந்து விலக்கியதும் இந்தப் பாடத்தால்தான்.

நிபாவைக் கண்டுபிடித்த அதே 1999-ல், பூமியின் மறுபக்கத்தில் ஏறக்குறைய இதே கதை திரும்ப நடந்தது. ஆகஸ்ட் மாதம் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் முதியவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். தசைகள் தளர்ந்து போயிருந்தன. பரிசோதனை முடிவைப் பார்த்து, செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அறிவித்தார்கள். அதுவும் கொசு வழியாக வரும் பழைய நோய்தான்.

ஆனால் அந்தக் கோடை முழுக்க நியூயார்க்கில் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. செப்டம்பரில் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் பூநாரைகள், நீர்க்காகங்கள், ஆந்தை என்று வளர்ப்புப் பறவைகளும் செத்தன. பூங்காவின் நோய்க்கூறு மருத்துவர் டிரேசி மெக்நமாரா அந்தப் பறவைகளை அறுத்துப் பார்த்தபோது மூளையிலும் இதயத்திலும் கடும் சேதம் தெரிந்தது. அவர் யோசித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். செயின்ட் லூயிஸ் வைரஸைப் பறவைகள் சுமக்கும், ஆனால் அதனால் சாவதில்லை. அப்படியானால் மனிதருக்கு வந்ததாகச் சொல்லும் நோய் பறவைகளின் சாவுக்கு ஒத்துவரவில்லை. குதிரைகளையும் பறவைகளையும் கொல்லும் இன்னொரு அமெரிக்க மூளைக்காய்ச்சலாக இருக்குமா? அது ஈமு கோழிகளை உறுதியாகக் கொல்லும். பூங்காவின் ஈமுக்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆக, தெரிந்த எந்த நோயும் இல்லை, புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

இதை மனிதர் நோய்களைக் கவனிக்கும் அமைப்புகளிடம் அவர் சொன்னபோது, பறவைச் சாவுக்கும் மனிதர் நோய்க்கும் தொடர்பிருக்காது என்றே முதலில் கருதினார்கள். அவர் விடவில்லை. மாதிரிகளைக் கால்நடை ஆய்வகத்துக்கும் ராணுவ ஆய்வகத்துக்கும் அனுப்பினார். செப்டம்பர் இறுதியில் உண்மை தெரிந்தது: 1937-ல் உகாண்டாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மேற்கு நைல் வைரஸ், அமெரிக்கக் கண்டத்துக்குள் முதல்முறையாக நுழைந்திருந்தது. அந்த ஆண்டு 62 பேர் பாதிக்கப்பட்டு 7 பேர் இறந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது கண்டம் முழுக்கப் பரவியது.

நியூயார்க்கில் ஒரு நல்வாய்ப்பு இருந்ததையும் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்ன நோய், உண்மையான நோய் இரண்டையும் பரப்புவது ஒரே வகைக் கொசு. எனவே பெயரைத் தவறவிட்டாலும் கொசு ஒழிப்பு வீண்போகவில்லை. மலேசியாவில் அந்த வாய்ப்பு இல்லை. கொசுவைத் துரத்திக்கொண்டிருந்த மாதங்களில் பன்றிகள் ஊர் ஊராகப் பயணம் செய்தன.

இரண்டு இடத்திலும் மருத்துவர்கள் அறிவில்லாமல் தவறு செய்யவில்லை. அவர்கள் கையில் இருந்தது பாதிச் சாட்சியம் மட்டும். மறுபாதி கால்நடை மருத்துவரிடம், பண்ணைக்காரரிடம், பூங்கா ஊழியரிடம் இருந்தது. அதைக் கேட்டுவாங்க ஒரு வழி அமைப்பில் இல்லை. மனித மருத்துவம் ஒரு துறை, கால்நடை இன்னொரு துறை, காட்டுயிர் மூன்றாவது துறை. ஆய்வகம் வேறு, பணம் வேறு, அறிக்கை போய்ச்சேரும் மேசையும் வேறு. கிருமிக்கு இந்தப் பிரிவினை எதுவும் கிடையாது. மனிதரைத் தாக்கக்கூடிய 1,415 வகைக் கிருமிகளைப் பட்டியலிட்ட 2001-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அவற்றில் 61 சதவீதம் விலங்குகளுக்கும் மனிதருக்கும் இடையே தாவக்கூடியவை என்று கணக்கிட்டது. ரேபிஸ், எலிக்காய்ச்சல், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), பிளேக், எபோலா, பறவைக் காய்ச்சல் எல்லாம் அதற்குள் அடங்கும்.

ஒரு விலங்கின் கிருமி மனிதருக்குள் நுழைவது அவ்வளவு எளிதல்ல என்பதும் இங்கே முக்கியம். வைரஸ் செல்லுக்குள் போக, செல்லின் மேற்பரப்பில் அது பற்றிக்கொள்ளக்கூடிய ஒரு மூலக்கூறு இருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் வைரஸ் பற்றும் வகை மூலக்கூறு மனிதருக்கு நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம், மூக்கிலும் தொண்டையிலும் குறைவு. அதனால்தான் அது வந்தால் நோய் கடுமையாகவும், ஆளுக்கு ஆள் பரவுவது அரிதாகவும் இருக்கிறது. நிபா வேறு விதம். அது பற்றும் புரதம் பாலூட்டிகள் பலவற்றில் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால், வௌவால், பன்றி, நாய், குதிரை, மனிதர் என்று அது வாசல் பார்க்காமல் நுழைகிறது. இப்படி நுழைய முடிந்த கிருமிக்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்க வேண்டும். ஒரு வௌவாலை ஒரு மனிதர் என்றைக்கோ தொடுவது பெரிய வாய்ப்பல்ல. ஆயிரம் பன்றிகளை நெருக்கி அடைத்து, அவற்றோடு தினம் எட்டு மணி நேரம் மனிதர்கள் நிற்பதுதான் பெரிய வாய்ப்பு. காட்டு விலங்கைவிட, காட்டுக்கும் நமக்கும் நடுவே நிற்கும் வளர்ப்பு விலங்கைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அந்த விலங்குகள் காட்டும் அறிகுறிகளில் ஒன்று அதிகம் கவனிக்கப்படாதது: கருச்சிதைவு. ஆடோ மாடோ ஒன்று கன்று வீசினால் அது தற்செயல். கொட்டகையில் அடுத்தடுத்துப் பல வீசினால் அநேகமாக அது தொற்று. கன்றுவீச்சு நோய், ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல், கியூ காய்ச்சல் எல்லாம் இப்படி வெளிப்படுபவைதான்.

நெதர்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2005-லிருந்தே அங்கே பால் ஆட்டுப் பண்ணைகளில் கூட்டம் கூட்டமாகக் கருச்சிதைவு நடந்துகொண்டிருந்தது. காரணம் கியூ காய்ச்சலைத் தரும் காக்சியெல்லா பர்னெட்டி என்ற பாக்டீரியா. கரு கலைந்த ஆட்டின் நஞ்சுக்கொடியில் அது கோடிக்கணக்கில் இருக்கும். காய்ந்து தூசியானாலும் சாகாது. காற்றில் பறந்து கிலோமீட்டர் கணக்கில் போகும். 2007-ல் பண்ணைகளுக்கு அருகில் வசித்தவர்களுக்கு நிமோனியா வந்தது. ஆட்டைத் தொடாதவர்களுக்கும் வந்தது. பண்ணைகளில் கருச்சிதைவைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி வந்தது 2008-ல். சினை ஆடுகளைக் கொல்லும் முடிவு வந்தது 2009 டிசம்பரில். 2010-க்குள் 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் பதிவாகியிருந்தது. 50,000-க்கும் மேற்பட்ட ஆடுகள் கொல்லப்பட்டன. சிலருக்கு அந்தக் கிருமி இதய வால்வில் தங்கி ஆண்டுக்கணக்கில் துன்பம் கொடுத்தது. ஆடுகள் இரண்டாண்டு முன்பே சொல்லிவிட்ட செய்தி இது. நல்ல மருத்துவமனைகளும் நல்ல ஆய்வகங்களும் உள்ள ஒரு பணக்கார நாட்டிலேயே அதைக் கேட்க இவ்வளவு காலம் ஆனது என்பதுதான் என்னைக் கலங்க வைக்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்கு வானிலையிலிருந்தே எச்சரிக்கை கிடைக்கிறது. வைரஸைச் சுமந்த கொசு முட்டைகள் வறண்ட மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பெருமழை வந்து பள்ளங்கள் நிரம்பியதும் பொரிக்கின்றன. எல் நினோவால் மழை மிகும் என்பதைச் செயற்கைக்கோள் தரவில் பார்த்து, 2006-ன் இறுதியில் ஆபத்து வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. சொன்னபடியே வந்தது. ஆனாலும் தடுப்பு ஏற்பாடுகள் உரிய நேரத்துக்கு முந்திக்கொள்ளவில்லை. கொசுக் கூட்டத்தையும், செம்மறிகள் மொத்தமாகக் கன்று வீசுவதையும் மேய்ப்பர்கள் அதிகாரிகளுக்கு முன்பே பார்த்திருந்தார்கள். அவர்களிடம் போய்க் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

குரங்குகளும் இப்படிச் சொல்வதுண்டு. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957-ல் குரங்குகள் செத்து விழுந்தன, பின்னாலேயே மக்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. செத்த குரங்கின் மேலிருந்த உண்ணிகள் இறங்கிப் புதிய உடலைத் தேடியதுதான் காரணம். இன்றும் அந்த வட்டாரத்தில் குரங்கு செத்துக் கிடந்தால் அது சுகாதாரத் துறைக்கான செய்தி. பிரேசிலில் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊளைக்குரங்குகளின் சாவுதான் முதல் அறிகுறி; எங்கே குரங்கு செத்ததோ அங்கே தடுப்பூசி போடத் தொடங்குவார்கள். 2017, 2018-ல் அங்கே சில இடங்களில் மக்கள் பயத்தில் குரங்குகளை அடித்துக் கொன்றார்கள். நோயைப் பரப்புவது கொசு, குரங்கும் நம்மைப் போலவே அதற்கு இரையாவது. குரங்குகளைக் கொன்றால் அந்தக் காட்டில் அடுத்த முறை எச்சரிக்கை தர எதுவும் மிஞ்சாது.

எல்லாக் கிருமிகளும் விலங்கிடம் அறிகுறி காட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. சீனாவில் 2013-ல் தோன்றிய எச்7என்9 பறவைக் காய்ச்சல் தொடக்க ஆண்டுகளில் கோழிகளை ஒன்றும் செய்யவில்லை. சந்தையில் நல்ல கோழியாக நின்றது, வாங்கிய மனிதருக்கு உயிர்போகும் நிமோனியா வந்தது. 2012-ல் சவுதி அரேபியாவில் அறியப்பட்ட மெர்ஸ் வைரஸும் அப்படித்தான். ஒட்டகத்துக்கு அது லேசான சளிக்குமேல் எதுவும் தருவதில்லை. இந்த மாதிரி நோய்களில் மனிதர் நோயாளியாகும்போதுதான் கால்நடைத் துறைக்கே விஷயம் தெரியும். அதாவது செய்தி இரண்டு பக்கமும் ஓட வேண்டும். எச்7என்9 விஷயத்தில் ஓடியது. 1,500-க்கும் மேற்பட்ட மனிதர்களைத் தாக்கி, அவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேரைக் கொன்ற அந்த நோய்க்கு எதிராக, 2017-ல் சீனா கோழிகளுக்குப் பெரிய அளவில் தடுப்பூசி போட்டது. அதன்பிறகு மனிதரிடம் அந்த நோய் கிட்டத்தட்ட மறைந்தே போனது. மனிதர்களுக்கு ஒரு ஊசியும் போடாமல் மனிதர் நோய் ஒன்று அடங்கியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

ரேபிஸ் இதே வழியில் எப்போதோ முடிந்திருக்க வேண்டிய நோய். ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் அதனால் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு. மனிதருக்கு அது வருவதில் 99 சதவீதம் நாய் வழியாக. கடிபட்டவரில் குழந்தைகள் அதிகம். வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளைக்கு மெதுவாக ஏறுகிறது. அந்த நாள்களுக்குள் காயத்தைக் கழுவி ஊசி போட்டால் உயிர் பிழைக்கலாம், அறிகுறி தொடங்கிவிட்டால் அநேகமாக முடிந்தது. கடிபட்ட ஒவ்வொருவருக்கும் ஊசி போட்டே ஆக வேண்டும். ஆனால் அப்படி எத்தனை பேருக்குப் போட்டாலும், நாய்களிடம் சுற்றும் வைரஸ் ஒரு துளியும் குறையாது. அடுத்த ஆண்டும் அதே கடி, அதே செலவு. நாய்களில் 70 சதவீதத்துக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் வைரஸுக்குப் போக இடமில்லாமல் சங்கிலி அறுகிறது. லத்தீன் அமெரிக்க நாடுகள் 1983-லிருந்து இதைக் கூட்டாகச் செய்தன. 2019-ல் மெக்சிகோ, நாய்வழி ரேபிஸால் மனிதர் இறப்பதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் முதன்முதலாக அங்கீகரித்தது.

பிறகு ஏன் மற்ற இடங்களில் நடக்கவில்லை? மனிதருக்குப் போடும் ஊசி சுகாதாரத் துறையின் செலவு. நாய்க்குப் போடும் ஊசி கால்நடைத் துறையின் செலவு, அல்லது உள்ளாட்சியின் செலவு. நாயால் பாலோ இறைச்சியோ வருமானமோ இல்லை என்பதால் கால்நடைத் துறைக்கு அது கடைசி வேலை. அங்கே செலவழிக்கும் ஒவ்வொரு காசின் பலனும் சுகாதாரத் துறையின் கணக்கில்தான் தெரியும். இரண்டு கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாரும் இல்லாததால் குழந்தைகள் சாகிறார்கள். கடினமான சொல்தான், ஆனால் நிலைமை அதுதான்.

கால்நடை மருத்துவம் இளையவன் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. உண்மையில் கால்நடை நோய்களுக்கான உலக அமைப்பு 1924-லேயே தொடங்கிவிட்டது. 1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியதில் அங்கே மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் பரவியது. அந்த அதிர்ச்சியில் 28 நாடுகள் கூடி அதை அமைத்தன. உலகச் சுகாதார நிறுவனம் பிறந்தது அதற்கு 24 ஆண்டுகள் கழித்து. அந்த வெக்கை நோய் 2011-ல் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனித முயற்சியால் ஒழிந்த இரண்டாவது நோய் அது. குளிர்பெட்டி இல்லாமலும் தாங்கும் தடுப்பூசியை, மருத்துவர் எட்ட முடியாத இடங்களில் பயிற்சி பெற்ற மேய்ப்பர்களே மாடுகளுக்குப் போட்டார்கள். எந்த மந்தை எங்கே நகர்கிறது, எந்த மாட்டுக்குக் கண்ணில் நீர் வடிகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இங்கேதான் பணம் உள்ளே வருகிறது. விலங்கின் நோயை முதலில் பார்ப்பவர் அதன் உடைமையாளர். அவர் சொன்னால் என்ன கிடைக்கும்? மந்தையைக் கொல்ல ஆள் வரும், சந்தை மூடப்படும், கடன் அப்படியே நிற்கும். இழப்பீடு உடனே, நியாயமான அளவில் கிடைக்காத இடத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு விற்றுவிடுவார். மலேசியாவில் பன்றிகள் லாரி ஏறியது இப்படித்தான். இழப்பீட்டைத் தருமமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. நான் அதை நோய்க் கண்காணிப்பின் அடிப்படைச் செலவாகப் பார்க்கிறேன்.

அண்மை உதாரணம் ஒன்று. 2024 தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பண்ணைகளில் கறவை மாடுகள் தீவனம் குறைத்தன, பால் வற்றியது, வந்த பாலும் சீம்பால்போலக் கெட்டியாக, மஞ்சளாக இருந்தது. பெரும்பாலான மாடுகள் சாகவில்லை. ஆனால் அந்தப் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் நடை தள்ளாடி, கண் தெரியாமல் போய்ச் செத்தன. மாட்டோடு பூனையையும் கணக்கில் எடுத்த கால்நடை மருத்துவர்கள் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மார்ச்சில் முடிவு வந்தது: எச்5என்1 பறவைக் காய்ச்சல், மாட்டின் மடியில். யாரும் அங்கே தேடியிருக்காத இடம். அதன்பின் பால் கறக்கும் தொழிலாளர்கள் சிலருக்குக் கண் சிவந்து தொற்று வந்தபோது, என்ன நோய் என்று மருத்துவர்கள் இருட்டில் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆடு மாடு கோழி நாய் வளர்ப்பவர்களும், அவற்றோடு வேலை செய்பவர்களும் சில விஷயங்களைச் சொல்லிவிடும் பழக்கத்துக்கு வந்தால் பெரிய உதவி. அடுத்தடுத்துக் கருச்சிதைவு, ஒரே நேரத்தில் பல பறவைகள் சாவது, சாதுவான நாய் திடீரென்று கடிப்பது, நல்லாயிருந்த விலங்கு மூக்கிலும் ஆசனவாயிலும் ரத்தம் வடியச் செத்துக் கிடப்பது போன்றவற்றைக் கால்நடை மருத்துவரிடம் அன்றே சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னது அடைப்பானாக இருக்கலாம், அந்த உடலை அறுக்கவே கூடாது. நஞ்சுக்கொடியையும் கலைந்த கருவையும் வெறும் கையால் எடுக்கக் கூடாது. நாய் கடித்தால் சோப்பும் நீரும் விட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுத்தான் மற்ற எதுவும், அப்புறம் நேராக ஊசிக்கு. காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகும்போது, கடந்த சில வாரங்களில் எந்த விலங்கோடு இருந்தோம், அதில் ஏதாவது நோய்ப்பட்டதா, செத்ததா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். பல நேரம் அவருக்குத் தேவையான பரிசோதனை எது என்பதை முடிவு செய்வது அந்த ஒரு தகவல்தான்.